தறிச் சத்தத்துக்குள் சொன்னது

என் கையெழுத்தைப் பார்த்து அச்சுக்கோக்கும் தம்பி முகம் சுளித்திருப்பார். மன்னிக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் கை தயங்கும். போன வாரம் நான் அனுப்பிய பக்கங்களைத் திருத்தியவர், "எழுத்துதான் கோணல், ஆள் சொல்றது புரியுது" என்றாராம். அந்தத் தைரியத்தில் இதையும் எழுதுகிறேன். இந்த வாரம் எழுத்து இன்னும் கோணலாக இருக்கும். விஷயம் அப்படி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சோமனூர்ப் பக்கம் நான் வேலை செய்கிற தறிக்குடோன். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் சபையின் வேதபாட வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக நிற்கிறார்கள். நானும் அவர்களோடு நிற்கிறேன். எல்லாருடைய முகமும் வாசல் பக்கம் இருக்கிறது.

எங்கள் முதுகுக்குப் பின்னால், கடைசித் தறிக்கும் மூலைச் சுவருக்கும் நடுவில், ஹெப்சி என்ற பெண் சுவரைப் பார்த்து நின்று உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறவள். என்ன பேசுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அப்போது கடைசித் தறி மட்டும் நின்றது.

மற்றவை ஓடும்போது ஒரு தறி நின்றால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல் காது அங்கே போகும். அந்தத் தறியை ஓட்டுகிற முருகேசன் குனிந்து பார்த்தான். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டு ஓட்டினான். நாலு அடி அடித்து மறுபடி நின்றது.

அவன் என் எதிரில் வந்து, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தான். "நாஞ் சொன்னேனில்லீங்களா. அந்தப் புள்ள வந்து நின்னா இது ஓடாதுங்க."

அந்தத் தறியை முன்பு ஓட்டியவன் ஹெப்சியின் அண்ணன் சாமுவேல். அவன் இறந்து அப்போது அரை வருஷம்கூட ஆகவில்லை.

உதட்டுப் பேச்சு

தறிக்காரர்கள் பேசுகிற விதம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். குடோனுக்குள் காதோடு காது வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் யாரும் கத்துவதில்லை. எதிரில் நின்று உதட்டை அசைப்போம். எதிராளி பார்த்துப் புரிந்துகொள்வார். நான் இந்தக் கோடியில் நின்று, அந்தக் கோடியில் இருப்பவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது தானாக வந்துவிடும். பள்ளிக்கூடப் பரீட்சையில் வாத்தியார்கள் இதனால் படுகிற பாடு தனிக்கதை.

இன்னொன்று உண்டு. கரண்ட் போய்த் தறிகள் நின்றுவிட்டால், தூங்குகிற குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். சத்தத்தில் தூங்கிப் பழகியவை. அந்த நிசப்தத்தை எனக்கும் பிடிக்காது. கொஞ்ச நேரத்துக்குக் காதுக்குள் ஒரு தறி ஓடிக்கொண்டே இருக்கும். எந்தத் தறி என்று தேடத் தோன்றும்.

மூன்று பதில்கள்

நான் வேதபாட வாத்தியார் இல்லை. சபையில் என்னை ஜெபம் பண்ணக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் மாறுதலாகி பவானிக்குப் போய்விட்டார். ஆயருக்கு மூன்று சபை, ஒரே பைக்.

"சாலமன், நீங்க பாடம் எடுக்க வேண்டாம். ரூமைத் திறந்து பிள்ளைகளை உட்கார வைங்க. நான் வந்துடுறேன்" என்றார். வருகிறபோது எப்போதும் வகுப்பு முடிகிற நேரமாக இருக்கும்.

அந்த வருஷக் கடைசியில் பேராயர் வந்து திடப்படுத்தல் ஆராதனை நடத்துவதாக இருந்தது. ஞானஸ்நானம் குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் கொடுப்பது. திடப்படுத்தலில், வளர்ந்த பிள்ளை தானே சபைக்கு முன் நின்று "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் திருவிருந்து.

நான் வகுப்பில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்வார்கள். எல்லாம் சரியான பதில். ஒன்றிலும் உயிர் இருக்காது. பிரின்ஸ் என்றொரு பையன் ரகசியத்தைச் சொன்னான்.

"அண்ணா, எதக் கேட்டாலும் மூணு பதில் போதுமுங்க. இயேசப்பா, சிலுவை, கீழ்ப்படிதல். ஏதாச்சும் ஒண்ணு பொருந்தீரும்."

"அப்படியா. பேதுரு ஏன் தண்ணியில முங்குனாரு?"

"கீழ்ப்படியலீங்க."

"நோவா பேழையில எத்தன சன்னல்?"

"இயேசப்பாவுக்குத்தானுங்க தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சி சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் வழியாக, பக்கத்தில் இருக்கிற எங்கள் குடோன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் அம்மா, ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற தார் மெஷினில் வேலை செய்கிறார். கிரேஸ் என்று பெயர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் குடோனில் எல்லாருக்கும் அவர் கிரேசக்கா.

மழை பெய்த அன்று

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. வகுப்பு அறைக் கூரை ஒழுகியது. பிள்ளைகளைக் குடோனுக்குள் கூட்டிப்போய் நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் என்ன வகுப்பு நடத்துவது. சும்மா நின்றோம்.

அப்போது பிரின்சின் உதடு அசைவதைப் பார்த்தேன். யாரிடமும் இல்லை. ஓடுகிற தறியைப் பார்த்து அவன்பாட்டுக்குப் பேசினான். "நீ இருக்கறதா இருந்தா, எங்கப்பன் எங்கம்மாவ அடிக்கறப்ப ஒரு நாளாச்சும் கையப் புடிச்சிருப்பீல்ல."

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்தவர் குளிக்கிற இடத்தைப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பையன் மூன்றே பதில் போதும் என்றானோ, அவனுக்குள் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. என் அறையில் அதற்கு இடமில்லை. இரைச்சலுக்குள் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் குடோனுக்குள் கூட்டிப்போகும் முன் சொன்னேன். "ஒவ்வொருத்தரா மூலையில போயி, சாமியப் பத்தி மனசுல இருக்கறதச் சத்தமாச் சொல்லுங்க. மத்தவங்க திரும்பி நிக்கோணும். நானும் திரும்பிக்குவேன். சொன்னது என்னன்னு யாரும் கேக்கக்கூடாது. அப்பறமா நீங்களா சொல்லோணும்னு தோணுனா, வெளிய வந்து சொல்லுங்க. தோணலீன்னா வேண்டாம்."

"கெட்டதாச் சொன்னாலும் பரவால்லீங்களா?"

"பரவால்ல."

முதலில் கேலியாகத்தான் போனார்கள். திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது. ஒரு பெண் வெகுநேரம் குழாயடியில் முகம் கழுவினாள். பிரின்ஸ் சபை வாசல்வரை பேசாமல் வந்துவிட்டு, "அண்ணா, உள்ள சொன்னத வெளியயும் சொல்லட்டுங்களா" என்றான். சொன்னான். "எனக்குந் தெரியல கண்ணு" என்றேன். அவன் அதற்கு ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. அதற்குப் பிறகு அறைக்குள்ளும் மூன்று பதில்கள் குறைந்தன.

ஹெப்சி கேட்டது

சாமுவேலுக்குக் காய்ச்சல் முற்றிக் கிடந்தபோது நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கிருந்தோ ஒரு பிரசங்கியாரைக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் எண்ணெய்க் குப்பி. வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக "இவன் எழும்புவான் என்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்றார். ஒருத்தர் மனதில் சந்தேகம் இருந்தாலும் நோயின் கட்டு அவிழாது என்றார்.

தகப்பன் இல்லாத வீடு. கிரேசக்கா சொன்னார். பிறகு ஹெப்சி சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே அவன் போய்விட்டான். பிரசங்கியார் மறுபடி வரவில்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஹெப்சி நின்றாள்.

"அண்ணா, பேராயர் முன்னாடி விசுவாசிக்கிறேன்னு பொய்யாச் சொன்னா, ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"எங்கண்ணனுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இப்ப எங்கம்மா மட்டுந்தான் மிச்சம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளுக்கு என்ன பயம் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. மகளைத் திடப்படுத்தலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கிரேசக்கா வெள்ளைச் சேலைகூட எடுத்து வைத்திருந்தார். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பொய் சொன்னால் அம்மா செத்துப்போவாள் என்று மகள் நம்பினாள். அதை அம்மாவிடம் சொல்லவும் அவளால் முடியவில்லை.

கிரேசக்கா என்னிடம் வேறு விதமாகச் சொன்னார். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில், தாழ்ந்த குரலில்.

"ஏனுங்க, ராத்திரி முழிச்சுப் பாத்தா, புள்ள எம் மூக்குக்கிட்ட வெரல வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. என்ன கண்ணுன்னு கேட்டா, கொசுன்னு சொல்லுதுங்க."

அவர் சிரிக்க முயன்றார்.

"யாரோ அதுகூட இருக்காங்கன்னு ஊருக்குள்ள பேசறாங்க. ஒரு எடத்துல ஜெபிச்சுத் துரத்துவாங்களாம். கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"போகாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஊர்ப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. அவள் மூலையில் நிற்கும் ஒவ்வொரு வாரமும் கடைசித் தறியில் ஊடை அறுந்தது. ஈரக் காற்று, மட்டமான நூல் என்று நான் முருகேசனிடம் சொன்னேன். "அதே நூலுதானுங்க பக்கத்துத் தறியிலயும் ஓடுது" என்று அவன் சொன்னான். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கரண்ட் போனது

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். திடப்படுத்தலுக்கு முந்தின வாரம்.

முருகேசன் மூன்றாவது முறையும் நூலை முடிந்தான். தறி ஓடியது. வெளியே மழை மேகம் கூடிக் குடோன் இருண்டிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திரும்பவில்லை.

கரண்ட் போனது.

தறிகள் ஒரேயடியாக நிற்காது. ரெண்டு மூணு அடி தளர்ந்து அடித்து, மூச்சு விட்டு நிற்கும். அவை நின்று முடிவதற்குள் ஹெப்சியால் நிறுத்த முடியவில்லை. தறிச் சத்தத்தை மீறிக் கத்திக்கொண்டிருந்த குரல், சுவரில் மோதிக் குடோன் முழுக்கக் கேட்டது.

"நாந்தான் கொன்னேன். எல்லாரும் நம்புனாங்க, நான் மட்டும் நம்பல. வாயில விசுவாசிக்கிறேன்னு சொல்லிப்போட்டு மனசுல இல்லைன்னு சொன்னேன். அன்னைக்கே எடுத்துக்கிட்டீங்க. இன்னொருக்கா பொய் சொல்லச் சொல்றாங்க. சொன்னா எங்கம்மாவையும்..."

குரல் அங்கே நின்றது.

பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. பிரின்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். குடோனை ஒட்டிய லைன் வீடுகளில் ஒரு குழந்தை விழித்து அழத் தொடங்கியது. குடோனின் அந்தக் கோடியில் தார் மெஷின் மட்டும் சுழன்று சுழன்று ஓய்ந்தது. அப்போதுதான், கிரேசக்காவும் உள்ளேதான் இருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. சத்தத்துக்குள் நாங்கள் எல்லாரும் அவரை மறந்திருந்தோம்.

அவர் எழுந்து வந்தார். பஞ்சு படிந்த தலையோடு, என்னைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டிப் போனார்.

"நான் நம்புனேன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

ஹெப்சி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு முந்தி நானுந்தான் சொன்னேன். விசுவாசிக்கிறேன்னு. அப்ப அவங் கையி என் கைக்குள்ள இருந்துச்சு. நகமெல்லாம் நீலமாயிருச்சு. கையப் புடிச்சிருக்கறவளுக்குத் தெரியாதா. நானும் பொய்தான் கண்ணு சொன்னேன்."

"அம்மா..."

"உன்ற பொய்யுல செத்தானா, என்ற பொய்யுல செத்தானா?"

"அப்ப யாரும்மா கொன்னது?" என்று ஹெப்சி கேட்டாள். சின்னக் குழந்தை கேட்கிற குரல்.

கிரேசக்கா பதில் சொல்வதற்குள் கடைசித் தறி ஒரு அடி அடித்தது.

ஒரே ஒரு அடி. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கரண்ட் வரவில்லை. தலைக்கு மேலே விளக்கு எரியவில்லை. முருகேசன் தறியிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஸ்பிரிங்கு இழுத்து நின்னுருக்கும், இப்ப விட்டிருச்சுங்க" என்றான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படி ஆவது உண்டு. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று நான் அந்தத் தறியின் பக்கம் போகவில்லை.

கிரேசக்கா தறிப் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கையைப் பிடித்தார். "யாரும் கொல்லல. காய்ச்சல்" என்றார். இரண்டு பேரும் வாசல் வழியாக மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

ஒரு வருஷம்

விஷயம் சபைக்குப் போனது. வேதபாடத்தைப் பேய்ப் பாடமாக்கிவிட்டான் என்று ஒரு பெரியவர் என்னைச் சாடினார். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயர் அவரைப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு கிரேசக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "அந்தப் பிள்ளை இப்ப நிற்க வேண்டாம். சொல்ல முடிகிற அன்றைக்கு நிற்கட்டும். இல்லாவிட்டாலும் அது நம்ம பிள்ளைதான்" என்றார். அதோடு, இனிமேல் குடோன் வேண்டாம், அறையிலேயே நடத்துங்கள் என்றும் சொன்னார். நடத்தச் சொன்னார் என்பதே எனக்குப் போதும்.

திடப்படுத்தல் முடிந்த வாரம் ஹெப்சி வகுப்புக்கு வந்தாள். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் நம்பலீங்க. இங்கயே சொல்றேன். என்ன ஆகுதுன்னு பாக்கறேன்."

பிரின்ஸ் நகர்ந்து இடம்விட்டான். "உக்காரு. ஆனதும் எங்களுக்கும் சொல்லு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். வெளியே வரும்போது, "அண்ணா, இத இப்ப எழுதீராதீங்க. ஒரு வருஷம் போகட்டும். எங்கம்மா உசுரோட இருந்தா எழுதுங்க" என்றாள்.

நான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் தினமும் காலையில் தார் மெஷின் பக்கம் பார்த்துவிட்டுத்தான் என் தறியைத் தொட்டேன்.

இடையில் மழைக்காலத்தில் கிரேசக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மெஷின் இரண்டு மூன்று நாள் சும்மா கிடந்தது. நான் வேலையில் இருந்தபோது ஹெப்சி குடோன் வாசலில் வந்து நின்றாள். தலை முழுக்க நனைந்திருந்தது. எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கிருந்தபடியே உதட்டை அசைத்தாள்.

"நாந்தானுங்களா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பழகியவன் நான். அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. "இல்ல" என்று உதட்டை அசைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். மறுபடி சொன்னேன், இல்ல. அவள் திரும்பிப் போனாள். அன்று நான் செருப்பு விடுகிற இடத்தில் உட்காரவில்லை. பூட்டியிருந்த சபைக் கதவுக்கு முன்னால் நின்று, யாரும் சொல்லித்தராத வார்த்தையில், வாய்விட்டுக் கெஞ்சினேன்.

காய்ச்சல் இறங்கியது. என் கெஞ்சலால் இறங்கியது என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால், சாமுவேலுக்குக் கெஞ்சியவர்கள் எல்லாம் யார்.

நேற்று வகுப்புக்கு வந்த ஹெப்சி, "வருஷம் ஆயிருச்சுங்க" என்றாள்.

"பேர மாத்தி எழுதட்டுமா?"

"வேண்டாமுங்க. என்ற பேருலயே எழுதுங்க. இன்னும் நம்பலீன்னும் எழுதுங்க. ஆனா கேக்கறதுக்கு வாரேன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம். கிரேசக்கா ஆராதனைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்று, மகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.